ஆட்டிசம்: ஒரே நிலைக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

லண்டனில் 2009 ஆம் ஆண்டில் பரிசோதிக்கப்பட்ட ஒரு சிறுவனின் மருத்துவ அறிக்கையில் 'ஆஸ்பெர்கர் நிலை' என்று எழுதப்பட்டிருக்கலாம். அதே இயல்புகளோடு டொரன்டோவில் வளரும் அவனது சித்தி மகனுக்கு 2019 இல் வழங்கப்பட்ட அறிக்கையில் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் கோளாறு, நிலை 1' என்று இருக்கலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உறவினர்கள் இதனை மதியிறுக்கம் என்றும், ஓட்டிசம் என்றும் குறிப்பிடக்கூடும்.

இவை வெவ்வேறு நோய்களா, ஒன்று மற்றொன்றை விடக் கடுமையானதா, பெயர் மாறினால் பிள்ளைக்குக் கிடைக்கும் உதவியும் மாறுமா என்பன பெற்றோர் பலரும் எழுப்பும் கேள்விகள். இவற்றுக்கான பதில், ஆட்டிசத்தை மருத்துவ உலகம் கடந்த நூறு ஆண்டுகளில் எவ்வாறு புரிந்துகொண்டு வந்துள்ளது என்பதில் அடங்கியிருக்கிறது.

பெயரின் தொடக்கம்

ஆட்டிசம் என்ற சொல்லை முதலில் பயன்படுத்தியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் பிளாய்லர். கிரேக்க மொழியில் 'தான்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அவர் அதனை உருவாக்கினார். ஆனால் அவர் அதன் மூலம் குறிப்பிட்டது, மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர்கள் தமக்குள்ளேயே ஒடுங்கிவிடும் தன்மையைத்தான்.

குழந்தைகளிடம் காணப்படும் தனியொரு நிலையாக ஆட்டிசத்தை உலகம் அறியச் செய்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கேனர். 1943 ஆம் ஆண்டில் அவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 8 பேர் சிறுவர்கள், 3 பேர் சிறுமியர். பிறரோடு உறவாடுவதில் நாட்டமின்மையும், எல்லாம் மாறாமல் இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அவர்களுக்குப் பொதுவாக இருந்தன.

அதற்கு அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், சரளமாகப் பேசக்கூடிய, ஆனால் பிறரோடு பழகத் தெரியாத நான்கு சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். இவ்விருவருக்கும் முன்பாகவே, 1925 இல், சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த மருத்துவர் குருன்யா சுகரேவா இதே போன்ற குழந்தைகளை விவரித்திருந்தார். அவரது பணி பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

தாய்மார் மீது விழுந்த பழி

கேனருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் பெற்றோருக்கு, குறிப்பாகத் தாய்மாருக்கு, பெரும் அநீதி இழைக்கப்பட்டது. அன்பு காட்டாத தாயின் வளர்ப்பே குழந்தையை இந்நிலைக்குத் தள்ளுகிறது என்ற கருத்து அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றது. 1967 இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அக்கருத்தைப் பரவலாக்கியது.

ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது என்று 1964 லேயே வாதிட்டிருந்தார். 1977 இல் பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. ஏனைய 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபணுக்களின் பங்கினைச் சுட்டிய முதல் முக்கியச் சான்று அது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளும் அதனையே உறுதி செய்தன.

தாயின் வளர்ப்பு காரணம் என்ற கருத்து அறிவியலில் கைவிடப்பட்டு நீண்ட காலம் ஆகிவிட்டது. எம்எம்ஆர் தடுப்பூசியோடு ஆட்டிசத்தைத் தொடர்புபடுத்திய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட லான்செட் சஞ்சிகை 2010 இல் விலக்கிக்கொண்டது. ஆயினும் குடும்பங்களுக்குள் பழி சுமத்துவது இன்னும் நின்றபாடில்லை. வேலைக்குப் போகும் தாய், கைபேசி, தனிக்குடித்தனம் என்று காரணங்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கின்றன.

ஒரு குடையின் கீழ் ஐந்து பெயர்கள்

1979 இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்த லோர்னா விங், ஜூடித் கௌல்ட் ஆகியோர், கேனர் கூறிய இலக்கணத்துக்குள் அடங்காத குழந்தைகள் பலரிடமும் அதே வகைச் சிரமங்கள் வெவ்வேறு அளவில் இருப்பதைக் கண்டனர். ஆட்டிசம் உள்ள மகளின் தாயான விங், 1981 இல் எழுதிய கட்டுரை மூலம் ஆஸ்பெர்கரின் பெயரை ஆங்கிலம் பேசும் உலகுக்கு எடுத்துச் சென்றார்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994 இல் வெளியிட்ட டிஎஸ்எம்-4 என்ற வகைப்பாட்டு நூல், 'பரவலான வளர்ச்சிக் கோளாறுகள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து நிலைகளைப் பட்டியலிட்டது.

ஆட்டிசக் கோளாறு: சமூக உறவு, தொடர்பாடல், திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை ஆகிய மூன்றிலும் சிரமங்கள் இருந்து, அவை மூன்று வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆஸ்பெர்கர் கோளாறு: சமூகச் சிரமங்களும் குறுகிய ஈடுபாடுகளும் இருக்கும். ஆனால் பேச்சு உரிய வயதில் வந்திருக்க வேண்டும். அறிவு வளர்ச்சியில் தாமதம் இருக்கக் கூடாது.

வேறு வகையில் குறிப்பிடப்படாத பரவலான வளர்ச்சிக் கோளாறு: மேற்கண்ட இரண்டிலும் முழுமையாகப் பொருந்தாதவர்களுக்கு அளிக்கப்பட்ட பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இதற்கு ஏறத்தாழ இணையாக இருந்தது 'வழமைக்கு மாறான ஆட்டிசம்'.

குழந்தைப்பருவச் சிதைவுக் கோளாறு: குறைந்தது இரண்டு வயது வரை இயல்பாக வளர்ந்த குழந்தை, கற்ற பேச்சையும் திறன்களையும் இழக்கும் அரிதான நிலை. வியன்னாவைச் சேர்ந்த தியோடர் ஹெல்லர் இதனை 1908 லேயே விவரித்திருந்தார்.

ரெட் கோளாறு: பெரும்பாலும் பெண் குழந்தைகளையே பாதிப்பது. முதல் சில மாதங்கள் இயல்பாகத் தோன்றும் குழந்தை, பின்னர் கைகளைப் பயன்படுத்தும் திறனை இழந்து, கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கும்.

ஏன் ஒன்றாக்கப்பட்டன?

தாளில் தெளிவாகத் தோன்றிய இந்தப் பிரிவுகள் நடைமுறையில் தடுமாறின. மூன்று வயதில் பேசாதிருந்து ஆட்டிசக் கோளாறு என்று கூறப்பட்ட பிள்ளை, பத்து வயதில் சரளமாகப் பேசி, ஆஸ்பெர்கர் பிள்ளையிடமிருந்து பிரித்தறிய முடியாதவாறு மாறுவதுண்டு.

2012 இல் கேத்தரின் லார்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வட அமெரிக்காவின் 12 பல்கலைக்கழக மையங்களில், ஒரே வகைச் சோதனைகளால் பரிசோதிக்கப்பட்ட 2,102 பிள்ளைகளின் விவரங்களை அவர்கள் ஒப்பிட்டனர். சோதனை மதிப்பெண்கள் மையத்துக்கு மையம் பெருமளவு ஒத்திருந்தன. ஆனால் மருத்துவர்கள் சூட்டிய துணைப்பெயர்கள் வேறுபட்டன. ஒரு பிள்ளைக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதைப் பிள்ளையின் இயல்பு மட்டுமன்றி, அது எந்த மையத்துக்குச் சென்றது என்பதும் தீர்மானித்தது.

2013 மே மாதம் வெளியான டிஎஸ்எம்-5, இப்பிரிவுகளைக் கைவிட்டு 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் கோளாறு' என்ற ஒரே பெயரை ஏற்றது. 1999 இல் எம்இசிபி2 என்ற மரபணுவோடு தொடர்புபடுத்தப்பட்ட ரெட் கோளாறு, தனியொரு மரபணு நிலையாகப் பட்டியலிலிருந்து நீங்கியது. பழைய விதிகளின்படி ஆஸ்பெர்கர் உள்ளிட்ட பெயர்களை முறையாகப் பெற்றவர்கள், ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்தில் உள்ளவர்களாகவே கருதப்பட வேண்டும் என்றும் அந்நூல் கூறியது. எனவே பழைய அறிக்கை கையில் இருப்பதால், பிள்ளையின் நிலை செல்லாததாகிவிட்டது என்று பொருளல்ல.

ஆஸ்பெர்கர் என்ற பெயர் புழக்கத்தில் குறைந்து வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாஜி ஆட்சியின் கீழ் குறைபாடுள்ள குழந்தைகள் கொல்லப்பட்ட 'அம் ஸ்பீகல்கிரண்ட்' நிலையத்துக்கு அவர் சில குழந்தைகளை அனுப்பி வைத்ததை, வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018 இல் ஆவணங்களுடன் வெளியிட்டார். ஆயினும் அப்பெயரோடு வளர்ந்து, அதனைத் தமது அடையாளமாகக் கருதும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர்.

நிலை 1, 2, 3: எதனைக் குறிக்கின்றன?

இன்றைய அறிக்கைகளில் பெற்றோரை அதிகம் அச்சுறுத்துவது இந்த எண்களே. டிஎஸ்எம்-5 இன்படி நிலை 1 என்பது உதவி தேவைப்படுவதையும், நிலை 2 கணிசமான உதவி தேவைப்படுவதையும், நிலை 3 மிகக் கணிசமான உதவி தேவைப்படுவதையும் குறிக்கின்றன.

இவை புற்றுநோயின் கட்டங்களைப் போன்றவை அல்ல. நிலை 1 இல் இருக்கும் பிள்ளை காலப்போக்கில் நிலை 3 க்கு 'முற்றிவிடும்' என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. சமூகத் தொடர்பாடலுக்கு ஓர் எண்ணும், திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளுக்கு வேறோர் எண்ணும் தரப்படலாம். வீட்டில் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு இரைச்சல் மிகுந்த வகுப்பறையில் கூடுதல் உதவி தேவைப்படலாம். சூழலுக்கும் காலத்துக்கும் ஏற்ப இந்த அளவுகள் மாறக்கூடும் என்றும், சேவைகளுக்குத் தகுதி உண்டா என்பதை இவற்றைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது என்றும் டிஎஸ்எம்-5 குறிப்பிடுகிறது. ஆனால் காப்புறுதி நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் இந்த எச்சரிக்கையை எப்போதும் பின்பற்றுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் ஒரே பெயரை ஏற்றுள்ளது. ஆனால் 1, 2, 3 என்ற எண்கள் அதில் இல்லை. மாறாக, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டா, அன்றாடத் தேவைக்குப் பேசும் திறன் எவ்வளவு என்ற இரு கேள்விகளின் அடிப்படையில் அது பிரிக்கிறது. நாடுகள் அனைத்தும் ஒரே வேளையில் புதிய பதிப்புக்கு மாறவில்லை என்பதால், பழைய பெயர்களும் குறியீடுகளும் பதிவேடுகளில் இன்னும் தென்படுகின்றன.

ஒரே பெயர் என்பதிலும் குறை உண்டு என்று வாதிடுபவர்கள் உள்ளனர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞரையும், பேச்சின்றி இரவும் பகலும் பராமரிப்புத் தேவைப்படும் இளைஞரையும் ஒரே சொல் குறிக்கும்போது, பின்னவரின் தேவை மறைந்துபோகிறது என்பது அவர்களது வாதம். 2021 இல் லான்செட் சஞ்சிகை அமைத்த ஆணையம், இத்தகையோருக்கு 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தது. இது மீண்டும் மனிதர்களைத் தரம் பிரிப்பதாகும் என்று ஆட்டிசம் உள்ளவர்களின் அமைப்புகள் சில எதிர்க்கின்றன.

ஆட்டிசத்தோடு குழம்பக்கூடியவை

பேச்சுத் தாமதம் மட்டும் உள்ள குழந்தை, சொற்கள் இல்லாவிட்டாலும் விரலால் சுட்டிக்காட்டும். வானத்தில் விமானத்தைக் கண்டால் தாயும் அதைப் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கும். பொம்மைக்குச் சோறூட்டி விளையாடும். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் பெரும்பாலும் இந்தப் பகிர்தலே குறைவாக இருக்கும். பேச்சு வந்ததா என்பதை விட, பகிர்ந்துகொள்ளும் விருப்பம் தெரிகிறதா என்று மருத்துவர்கள் கேட்பதற்குக் காரணம் இதுவே.

கேட்புக் குறைபாடு உள்ள குழந்தையும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது. ஆகவே பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது அவசியம்.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறு உள்ள பிள்ளையும் நண்பர்களிடையே தடுமாறும். இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும். டிஎஸ்எம்-4 இரண்டையும் ஒருசேரக் கூற அனுமதிக்கவில்லை; 2013 முதல் அத்தடை இல்லை.

சமூகத் தொடர்பாடல் கோளாறு என்பது டிஎஸ்எம்-5 புதிதாகச் சேர்த்த நிலை. இடத்துக்கு ஏற்பப் பேசுவதில் சிரமம் இருக்கும்; ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளோ குறுகிய ஈடுபாடுகளோ இருக்காது.

கற்ற பேச்சையோ திறனையோ குழந்தை இழக்குமானால், அது எந்த வயதானாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆட்டிசத்திலும் இவ்வாறு நேரலாம். வலிப்பு நோய் சார்ந்த அரிதான நிலைகளாலும் நேரலாம்.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

ஆட்டிசத்தை உறுதி செய்ய இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இல்லை. குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், பேச்சு மற்றும் மொழிப் பயிற்சியாளர் ஆகியோர் குழந்தையின் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டு, குழந்தையை நேரில் கவனித்து முடிவெடுக்கின்றனர். ஏடிஓஎஸ் என்ற சோதனையில், விளையாட்டும் உரையாடலும் கலந்த அமர்வில் குழந்தை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது மதிப்பிடப்படுகிறது. அதன் மதிப்பெண் மட்டுமே முடிவாகாது. அது சான்றுகளில் ஒன்று.

இரண்டு வயதளவில் அனுபவமிக்கவர்களால் ஆட்டிசத்தை நம்பகமாகக் கண்டறிய முடியும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 18 மற்றும் 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் அத்தகைய பொதுச் சோதனை இல்லை; பெற்றோரோ, ஹெல்த் விசிட்டரோ, பள்ளியோ ஐயம் எழுப்பினால்தான் வழி திறக்கும். பரிந்துரை கிடைத்த மூன்று மாதங்களுக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது அங்கு 2011 இல் வெளியான வழிகாட்டுதல். நடைமுறையில் பல குடும்பங்கள் அதனை விடப் பன்மடங்கு காத்திருக்கின்றன.

'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான்' என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவது வழக்கம். சில வேளைகளில் அது உண்மையாகவும் அமையும். ஆனால் காத்திருப்புப் பட்டியல் இவ்வளவு நீளமாக இருக்கும்போது, பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பதே குழந்தைக்கு நன்மை. பிள்ளை அதற்குள் பேசிவிட்டால் நட்டம் ஏதுமில்லை.

பெண் பிள்ளைகள் பலர் காலம் தாழ்ந்தே கண்டறியப்படுகின்றனர். தோழியரைப் பார்த்து அவர்களைப் போலவே நடந்து, தமது சிரமத்தை மறைத்துக்கொள்ள அவர்களில் பலர் கற்றுக்கொள்கிறார்கள். 'அடக்கமான பிள்ளை' என்று பாராட்டப்படும் சிறுமி, பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் நாள்தோறும் உடைந்து அழுவாளானால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

தமிழ் பேசும் வீடுகளில்

புலம்பெயர்ந்த குடும்பங்கள் மதிப்பீட்டின்போது எடுத்துக்கூற வேண்டியவை சில உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர், கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இது 'நான்', 'நீ' என்ற சொற்கள் இடம் மாறுவதாகத் தெரியும். தமிழிலோ அச்சொற்களை விட்டுவிட்டே பேசுவது இயல்பு என்பதால், இது வினைச்சொல்லின் முடிவில்தான் தெரியும். தனக்குத் தாகம் எடுக்கும்போது 'தண்ணி வேணுமா?' என்றும், பசிக்கும்போது 'சாப்பிடுறியா?' என்றும் குழந்தை கேட்கும். ஆங்கிலத்தில் மட்டும் மதிப்பிடுபவருக்கு இது எட்டாது. பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

மறுபுறம், பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்க்காமல் பேசுவது சில வீடுகளில் மரியாதையாகக் கற்பிக்கப்படுகிறது. அதனையும் தெரிவிப்பது நல்லது. பிரிட்டனின் என்எச்எஸ் மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுமாறு பல பெற்றோருக்கு அறிவுரை கூறப்பட்டதுண்டு. இரு மொழிகளைக் கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆங்கிலம் சரளமாக வராத தாய், தன் மொழியைக் கைவிட்டால், குழந்தையோடு அவள் பேசும் பேச்சே குறைந்துபோகிறது. தாத்தா பாட்டியோடு உள்ள உறவும் அதோடு அறுபடுகிறது.

பெயரும் உதவியும்

மருத்துவர் தரும் பெயரும், பள்ளியில் கிடைக்கும் உதவியும் வெவ்வேறு சட்டங்களால் ஆளப்படுகின்றன. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின்படி, கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைப் பெற்றோரே உள்ளூராட்சி மன்றத்திடம் கோரலாம். அதற்கு ஆட்டிசம் என்ற அறிக்கை கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. பிள்ளையின் தேவையே அடிப்படை. அமெரிக்காவில் ஊனமுற்றோர் கல்விச் சட்டம் 1990 இல் ஆட்டிசத்தைத் தனிப் பிரிவாகச் சேர்த்தது. அங்கு மருத்துவ அறிக்கை இருந்தாலும், கல்வியில் பாதிப்பு உண்டா என்பதைப் பள்ளி தனியே மதிப்பிடுகிறது. கனடாவில் உதவித் திட்டங்கள் மாகாணத்துக்கு மாகாணம் மாறுபடுகின்றன.

ஆகவே, அறிக்கை கைக்கு வரும்போது பெயரையும் எண்ணையும் மட்டும் பார்த்து நின்றுவிடாமல், உள்ளே எழுதப்பட்டிருப்பவற்றைக் கவனிப்பது பயன் தரும். பிள்ளை எதைப் புரிந்துகொள்கிறது, எவ்வாறு தன் தேவையைத் தெரிவிக்கிறது, அறிவு வளர்ச்சி தனியே மதிப்பிடப்பட்டதா, ஒலி, ஒளி, உணவு ஆகியவற்றில் என்ன சிரமம், வேறு நிலைகள் உடன் உள்ளனவா, அடுத்த ஆறு மாதங்களுக்கு என்ன பயிற்சி என்பன கேட்டறிய வேண்டிய கேள்விகள்.

லியோ கேனரின் 1943 ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்ட சிறுவன் சிறு வயதில் சில காலம் பெற்றோரைப் பிரிந்து ஒரு பராமரிப்பு நிலையத்தில் விடப்பட்டிருந்தான். பின்னர் வீட்டுக்கு அழைத்து வரப்பட்டு, தன்னை அறிந்த சிற்றூர் மக்களிடையே வளர்ந்தான். கல்லூரியில் படித்து, வங்கியில் வேலை பார்த்து, தனியாக உலகின் பல நாடுகளைச் சுற்றி வந்த அவர், 2023 இல் தமது 89 ஆவது வயதில் காலமானார். எல்லாப் பிள்ளைகளின் வாழ்வும் அவ்வாறே அமையும் என்று கூற முடியாது. ஆனால் முதன்முதலில் ஆட்டிசம் என்ற பெயரைப் பெற்ற அந்தச் சிறுவனின் எதிர்காலத்தை, அந்தப் பெயரை மட்டும் வைத்து எவராலும் கணித்திருக்க முடியாது.